பிடிக்கு ஏற்ற வால்: அரிவாள், கத்தி செய்விக்கும் முன் கவனிக்க வேண்டியவை

சந்தையில் அரிவாள் வாங்குகிறவர்கள் இரும்பைச் சுண்டி ஓசை கேட்கிறார்கள். கட்டைவிரலால் கூர் பார்க்கிறார்கள். பல் ஒழுங்காக வெட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். பிடியை அந்த அளவுக்குக் கவனித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் வயலில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் பிடிதான். இரும்பு நன்றாக இருக்கும்போதே பிடி ஆடத் தொடங்கும். முதலில் ஒரு துணியைச் செருகி இறுக்குவார்கள். பிறகு ஆணி ஒன்று அடிப்பார்கள். அந்த ஆணியே மரத்தைப் பிளந்துவிடும். பிறகு பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு வேலை நடக்கும். ஓங்கி வெட்டும்போது ஒரு நாள் அலகு மட்டும் கழன்று பறந்து, பக்கத்தில் நிற்பவர் காலில் விழும்.

இதற்கு மரத்தைக் குறை சொல்வது சரியல்ல. வேலை நடக்கும் வரிசையில்தான் பிழை இருக்கிறது. கொல்லர் அலகை முழுதும் அடித்து முடித்து, அதன் அடியில் ஆணி போன்ற ஒரு குட்டை வாலை இழுத்து விடுகிறார். அதன்பின், கைக்கு அகப்பட்ட கட்டையில் அந்த வால் அறையப்படுகிறது. வேல மரமானாலும் மூங்கிலானாலும் எருமைக் கொம்பானாலும் வால் ஒன்றுதான். இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் இரும்பைப் பற்றிக்கொள்ளும் விதம் வேறு என்பது மறக்கப்படுகிறது. வரிசையை மாற்றிப் பிடிக்கு எந்தப் பொருள் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குத் தக்கபடி வாலின் நீளம், கனம், வடிவம் ஆகியவற்றைக் கொல்லரிடம் சொல்லிச் செய்விப்பதே முறை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி போல அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர்களிலும், சாதாரணக் கிராமப் பட்டறைகளிலும், சொல்லிச் செய்து வாங்கும் வழக்கம் இன்னும் உண்டு. ஆகவே இதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது.

பிடி ஏன் ஆடுகிறது?

மரம் வெட்டிய பிறகும் அது ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். பச்சை மரம் முழுதும் காயும்போது நீளவாக்கில் ஆயிரத்தில் 1 அல்லது 2 பங்குதான் குறையும். குறுக்குவாக்கிலோ மரத்துக்கு மரம் நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு வரை குறையும். அந்தக் குறுக்குச் சுருக்கமும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக இராது. மரத்தின் வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழுக் கிளையை அப்படியே பிடியாக்கினால் பட்டையிலிருந்து நடுச்சோறு வரை நீளமாக ஒரு வெடிப்பு விடுவது இதனால்தான். இரும்பு இந்த விதமாகச் சுருங்குவதில்லை. ஆகவே ஈரக் கட்டையில் அறைந்த வால், கட்டை காய்ந்ததும் தானாகவே தளர்ந்துவிடும், அல்லது கட்டையைப் பிளந்துவிடும்.

ஆடும் பிடியை இரவு முழுதும் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. காலையில் பிடி கல்லைப் போல் இறுகியிருக்கும். அன்றைய அறுப்புக்கு அது போதும் என்று நினைப்பதும் இயல்பே. ஆனால் உள்ளே நடப்பது வேறு. ஊறிய மரம் விரிய முயலும்போது நடுவில் இருக்கும் இரும்பும் வெளியே இருக்கும் பூணும் விட்டுக் கொடுப்பதில்லை. ஆகவே மரத்தின் நார்கள் தம்மைத் தாமே நசுக்கிக்கொள்கின்றன. நசுங்கிய நார் மறுபடி நிமிராது. காய்ந்த பிறகு துளை முன்பைவிடப் பெரிதாகிவிடும். அடுத்த முறை இன்னும் அதிக நேரம் ஊறப்போட வேண்டிவரும். போதாக்குறைக்கு, துளைக்குள் தேங்கிய ஈரத்தில் வாலும் துருப்பிடித்து மெலியும். ஊறப்போட்டு இறுக்கிய பிடி ஒவ்வொரு முறையும் ஆயுளில் கொஞ்சத்தை இழக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எந்த மரம்?

பிடிக்கு வேண்டிய குணங்கள் மூன்று: அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், எளிதில் பிளக்கக் கூடாது, ஈரத்துக்கு அதிகமாக அசையக் கூடாது. மூன்றும் ஒரே மரத்தில் முழுமையாக அமைவது அரிது.

கருவேல மரம் நம் நாட்டுக் கருவிகளுக்கெல்லாம் பழைய நண்பன். ஏர், வண்டிச் சக்கரம், கோடரிக் காம்பு என்று அது போகாத இடமில்லை. கடினமும் உறுதியும் சேர்ந்து இருப்பதால் வெட்டரிவாள் போன்ற கனமான கருவிகளுக்கு அதன் வைரப் பகுதி மிகவும் ஏற்றது. வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதி விரைவில் உளுத்துப்போகும். அதை நீக்கிவிட வேண்டும். புளியின் வைரமும் கடினமானதுதான். ஆனால் அதன் நார் பின்னிக்கொண்டு ஓடுவதால் உளி ஏறுவது கஷ்டம். அதே பின்னல் காரணமாகப் புளி எளிதில் பிளப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தச்சர் முணுமுணுத்தாலும் புளிப்பிடி நிலைத்து நிற்கும்.

பூவரசு அவ்வளவு கனமில்லை. ஆனால் வளைந்து கொடுக்கும் தன்மையும் வழவழப்பும் உடையது. நாள் முழுதும் கையில் இருக்கும் கருக்கரிவாளுக்குப் பூவரசம்பிடி நல்லது. கொய்யாவும் இலந்தையும் வீட்டுத் தோட்டத்திலேயே கிடைப்பவை. கவாத்து செய்யும்போது கழிக்கப்படும் கொய்யாக் கிளைகளில் மணிக்கட்டுக் கனத்துக்கு மேற்பட்டவற்றை அடுப்புக்கு அனுப்பாமல் எடுத்து வைத்தால் சிறு கத்திகளுக்குப் பிடியாகும். இந்த மரம் நெருக்கமான நாருடையது, சிராய் எழும்பாது.

சீமைக்கருவேலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலத்தைக் கெடுத்த மரம் என்ற கோபம் எல்லா விவசாயிகளுக்கும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் கரிமூட்டம் போடுவதைத் தவிர அதற்கு வேறு பயனே இல்லை என்று நினைப்பது சரியல்ல. அதன் வைரப் பகுதி கனமானது, கடினமானது. காயும்போது மற்ற பல மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் என்பதே அதன் விசேஷம். பிடி ஆடாமல் இருப்பதற்கு இந்தக் குணமே முக்கியம். நேரான துண்டு கிடைப்பதுதான் சிரமம். அரிவாள் பிடிக்கு 15 செ.மீ. நேராக இருந்தால் போதும் என்பதால் தேடினால் அகப்படும். முள் குத்தினால் புண் சீழ்பிடிக்கும் என்பதையும், அரத்தால் தேய்க்கும்போது எழும் தூள் மூக்கை அரிக்கும் என்பதையும் நினைவில் கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது நலம்.

சவுக்கு உறுதியானது, ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கும். தேக்கு அசையாது, வேலைப்பாட்டுக்கு இனியது. ஆனால் ஓங்கிய அடியைத் தாங்கும் மரம் அன்று, நீளவாக்கில் பிளந்துவிடும். சமையலறைக் கத்திக்குத் தேக்கு போதும், வெட்டரிவாளுக்குப் போதாது. முருங்கை, கல்யாணமுருங்கை, இலவு போன்ற மென்மரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தொடவே கூடாத மரங்களும் உண்டு. அரளி விஷம். சேங்கொட்டை மரத்தின் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். கடலோரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வியர்வையில் நனையும் பிடிக்கு இவற்றை உபயோகிக்கக் கூடாது.

வெட்டுவதும் காயவைப்பதும்

ஏறக்குறைய 15 செ.மீ. குறுக்களவுள்ள கட்டையை எடுத்து, ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்து நான்காகப் பிளக்க வேண்டும். ரம்பம் தன் போக்கில் போகும். ஆப்பு நாரின் போக்கில் போகும். பிளந்த துண்டில் நார் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் ஓடும். நார் குறுக்கே அறுபட்டுப் பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில்தான் பிடி ஒடியும். நடுச்சோறு இருக்கும் விளிம்பைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். கணு இருந்தால் அது பிடியின் அடிப்பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளலாம். அலகுப் பக்கம் கணு வரவே கூடாது.

துண்டுகளைப் பிடியின் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செதுக்கி, இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூச வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசலாம். முனைகள் வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு தொடங்குகிறது. பூச்சு அந்த வேகத்தைக் குறைக்கும். வெயிலில் போடுவது கூடாது. காற்றோட்டமுள்ள நிழலில், தரையில் படாமல் அடுக்கி வைக்க வேண்டும். 5 செ.மீ. கனமுள்ள துண்டு காய ஆறு மாதம் வரை பிடிக்கலாம்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்டுகொள்ளத் தராசு ஒன்றே போதும். துண்டின் மேல் எடையைக் கரிக்கோலால் எழுதி வைத்து, வாரத்துக்கு ஒரு முறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். மழையில்லாத நாட்களில் அடுத்தடுத்து மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் துண்டு தயார். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் காட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பிடி போட்ட பிறகு வெடிக்கும்.

மரப்பிடிக்கு வால்

காய்ந்த துண்டு கையில் இருக்கும்போதுதான் பட்டறைக்குப் போக வேண்டும். துண்டையும் உடன் கொண்டு போவது நல்லது.

கருக்கரிவாள் இலேசானது. 12 செ.மீ. பிடிக்கு 8 அல்லது 9 செ.மீ. வால் உள்ளே போனால் போதும். வெட்டரிவாளில் அப்படியல்ல. அங்கே வால் பிடியின் நீளம் முழுதும் ஓடி, அடியில் வெளியே வந்து, ஒரு வட்டத் தகட்டின் மேல் மடக்கி அடிக்கப்பட வேண்டும். அப்போதுதான், மரம் கோடையில் கொஞ்சம் சுருங்கினாலும் அலகு கழன்று போகாது. வால் உருண்டையாக இருப்பது தவறு. உருண்டை வால் பிடிக்குள் சுழலும். சதுரமாகவோ பட்டையாகவோ அடித்து, நுனி நோக்கிச் சீராகக் குறைந்து போகும்படி இழுக்கச் சொல்ல வேண்டும்.

கொல்லரிடம் கட்டாயமாகச் சொல்ல வேண்டியது மற்றொன்றும் உண்டு. அலகும் வாலும் சேரும் இடத்தில் வெட்டிவிட்டதைப் போன்ற கூரான உள்மூலை இருக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியும் அந்த மூலையில் வந்து குவியும். சில காலத்தில் அங்கே மயிரிழை போல் ஒரு கீறல் தோன்றும். பிறகு ஒரு நாள் இரும்பு ஒடியும். அந்த இடம் வளைவாக இறங்கினால் அதிர்ச்சி பரவிவிடும். பெரும்பாலான அரிவாள்கள் இப்போது லாரியின் பழைய வில் பட்டையில் அடிக்கப்படுகின்றன. அதில் நூற்றுக்கு 0.5 முதல் 0.6 பங்கு வரை கரிச்சத்து இருப்பதால் நன்றாகப் பதமேறும். பதமேறிய இரும்பு விறைப்பானது. கூரான மூலையை மன்னிக்காது. வாலுக்குப் பதம் தேவையில்லை. அலகை மட்டும் தண்ணீர் காட்டி, வாலை மென்மையாக விட்டுவிடுவதே சரி.

துளை போடுவதிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். வாலையே பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் அழுத்தி, எரித்துக்கொண்டு போகும்படி செய்வது எளிது. துளை வாலின் வடிவத்திலேயே அமையும் என்பதும் உண்மை. ஆனால் சூடு வாலோடு நிற்காமல் அலகுக்கும் ஏறும். அலகின் அடிப்பகுதி நீல நிறம் காட்டினால் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். பிடியை ஒட்டிய பகுதியில் கூர் நிற்காத அரிவாள்களுக்கு இது ஒரு காரணம். மேலும், எரிந்த துளையின் சுவரில் கரிதான் இருக்கும், கரி இரும்பைப் பற்றாது, பொடிந்து போகும். ஆகவே, முதலில் துரப்பணத்தால் வாலைவிடச் சிறிய துளை போட்டு, அதே வடிவத்தில் அடித்த வேறொரு கம்பியைக் காய்ச்சி இலேசாக வடிவத்தை மட்டும் திருத்தி, கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு வாலைச் செருக வேண்டும். கடைசி ஒரு செ.மீ. மட்டும் அடித்து இறக்கும்படி இறுக்கம் இருந்தால் போதும்.

வாலை அடிக்கும் முன்பே பூண் ஏற வேண்டும். உலக்கைக்குப் பூண் எதற்கோ அரிவாளுக்கும் அதற்கே: மரம் பிளக்காமல் கட்டி நிறுத்துவதற்கு. பழைய இரும்புக் குழாயிலிருந்து 2 செ.மீ. அகலத்துக்கு அறுத்த வளையம் போதும். பிளந்த பிடிக்கு மேல் பூண் ஏற்றுவது வீண் வேலை.

மூங்கில், பனை, தென்னை

மூங்கிலில் உள்ளே கூடு இருப்பதால் ஆணி போன்ற வால் நிற்க இடமே இல்லை. துறட்டிக்கும் நீளக் காம்புக் கத்திக்கும் கல்மூங்கில் எனப்படும் கெட்டி மூங்கிலையே தேட வேண்டும். மூன்று நான்கு வயதான கழியே வேண்டும், இளங்கழி சுருங்கிவிடும். அலகுப் பக்கத்து முனைக்கு மிக அருகில் ஒரு கணு வரும்படி அறுக்க வேண்டும். மரத்தில் கணு பகை. மூங்கிலில் கணுவே காவல், பிளவு அங்கே வந்து நின்றுவிடும். இந்தக் கழிக்கு வால் வைத்து அடிப்பதைவிட, அலகின் அடியைக் குழாயாகச் சுருட்டி அடிக்கச் செய்து, கழியை அதற்குள் செருகிக் குறுக்கே ஓர் ஆணி போடுவதே பாதுகாப்பு. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது. வெட்டிய கழியைச் சில வாரங்கள் குளத்து நீரில் அமிழ்த்தி வைத்துப் பிறகு நிழலில் காயவைத்தால் அந்தச் சத்து பெருமளவு கரைந்து போகும். அமாவாசையில் வெட்டினால் வண்டு வராது என்று நம்புவோர், அந்தக் கழியையும் குளத்தில் போட்டு வைத்துவிட்டால் கவலை இல்லை.

பனைக்கும் தென்னைக்கும் வைரம் நடுவில் இல்லை, வெளியே இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில், பட்டையை ஒட்டிய ஒரு கை அகலமே பிடிக்கு உதவும். கறுத்த நார்கள் இரும்புக் கம்பி போல் இருந்தாலும், அவற்றை ஒட்டிவைத்திருக்கும் சோறு மென்மையானது. ஆகவே வாலை அடித்து இறக்கினால் நார்கள் பிரிந்து வழி விட்டுவிடும். இந்த மரங்களுக்கு ஏற்றது பட்டை வால்: இரும்புத் தகடே பிடியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஓட வேண்டும். இருபுறமும் இரண்டு துண்டுகளை வைத்து மூன்று இடங்களில் துளைத்து, செம்பு அல்லது இரும்புக் கம்பியைச் செருகி இரு முனைகளையும் தட்டி முடிக்க வேண்டும். துளையைத் துரப்பணத்தால்தான் போட வேண்டும். பனைச் சிராய் விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். விளிம்புகளை உருட்டித் தேய்க்காமல் உபயோகிக்கக் கூடாது. இந்த வகையில் இரும்பு கொஞ்சம் அதிகமாகச் செலவாகும், பிடியும் கனக்கும். வெட்டரிவாளில் பிடியின் பக்கம் கனம் கூடுவது வீச்சைக் குறைக்கும் என்பதால் இதைச் சிறு கத்திகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொம்பு

ஒட்டுக் கட்டும் கத்தி, கவாத்துக் கத்தி போன்றவற்றுக்கு எருமைக் கொம்பு அழகான பிடி. நனைந்தாலும் கையில் வழுக்காது. கொம்பின் நுனிப் பகுதி மட்டுமே கெட்டியானது, மற்றதெல்லாம் கூடு. உள்ளே இருக்கும் எலும்பு, கொதிநீரில் போட்டால் கழன்று வரும். வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை இது, நாற்றம் தாங்காது. கெட்டி நுனிக்கு மெல்லிய குட்டை வால் போதும். ஆனால் ஒருபோதும் அடித்து இறக்கக் கூடாது. கொம்பு அடுக்கடுக்காக வளர்ந்தது. அடித்தால் அடுக்குப் பெயரும். தாராளமான துளை போட்டு, உருக்கிய அரக்கோடு நன்றாகச் சலித்த செங்கல் தூளைக் கலந்து ஊற்றி வாலை நிறுத்துவது பழைய முறை. அரக்கு சூட்டுக்கு இளகும் என்பதால் அப்படிப்பட்ட கத்தியைக் கோடை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. இரண்டு குழாய்களில் வரும் எபாக்சி பசை இதைவிட உறுதியானது. கொம்பையும் வண்டு அரிக்கும். மாதம் ஒரு முறை எண்ணெய் தடவி வர வேண்டும்.

மான் கொம்புப் பிடியில் சிலருக்கு ஆசை உண்டு. புள்ளிமான், கடமான் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. காட்டில் உதிர்ந்து கிடக்கிறதே என்று எடுத்து வந்தாலும் வழக்கில்தான் முடியும். எருமைக் கொம்பே போதும்.

யாருடைய கைக்கு?

நெல்லறுப்புக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் அரிவாளையே கொண்டு வருகிறார்கள். ஆனால் பிடி ஆணின் கைக்கு ஏற்ற கனத்தில் இருப்பது வழக்கமாகிவிட்டது. தடித்த பிடியைப் பெரிய விரல்கள் சுற்றிப் பிடிக்கும். சிறிய விரல்கள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை அப்படி அழுத்தினால் மாலையில் முன்கை மரத்துப் போவதில் வியப்பில்லை. வேலையின் கஷ்டம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளும் இந்த வலியில் ஒரு பங்கு பிடியின் குற்றம்.

அளவு பார்ப்பது எளிது. உபயோகிக்கப் போகிறவர் பிடியைப் பற்றும்போது அவருடைய கட்டைவிரல் நுனி நடுவிரல் நுனியைத் தொட வேண்டும்; சற்று ஏறி நின்றாலும் சரி. பெரும்பாலான கைகளுக்கு இது 3 முதல் 4 செ.மீ. கனத்துக்குள் அடங்கும். பெண்களுக்கு 3 செ.மீ.க்கு அருகில் வரும். நீளத்துக்கு, நான்கு விரல்களின் அகலத்தோடு இரண்டு விரல் அகலம் கூட்டிக்கொள்ளலாம். உள்ளங்கையின் நடுவில் முடியும் குட்டைப் பிடியைப் போல் கையைப் புண்ணாக்குவது வேறில்லை.

பிடி உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால், பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். அடியில் ஒரு குமிழ் விட்டால் சேற்றுக் கையிலும் நழுவாது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘நவீன்’ என்ற பல் அரிவாளில் பிடியின் பின்பகுதி சற்று வளைந்திருக்கும். பிடிப்புக்கும், தாளை ஒட்டி அறுக்கும்போது கை அடிபடாமல் இருப்பதற்கும் செய்த ஏற்பாடு அது. இயற்கையாகவே இலேசாக வளைந்த கிளைத் துண்டு கிடைத்தால் கிராமத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம். நேரான துண்டைச் செதுக்கி வளைத்தால் நார் அறுபடும் என்பதை மறக்கக் கூடாது.

இறுதித் தேய்ப்பும் எண்ணெயும்

பளபளப்பான வார்னிஷ் பிடிக்குக் கெடுதல். வியர்வையை உறிஞ்சாது, வழுக்கும், கொப்புளம் போடும். உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டுப் பூசினால் போதும். இந்த எண்ணெய் காய்ந்து மரத்தோடு இறுகும் குணமுடையது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். விரித்துக் காயப்போட வேண்டும். வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் காயாதவை. ஆனாலும் பூச்சியைத் தடுக்கும். படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயைப் பிடிக்குப் பூசுவது பெருந்தவறு, கை வெந்துவிடும்.

சைக்கிள் டியூப் சுற்றுவதும் நல்லதல்ல. அடியில் வியர்வை தேங்கும் என்பதோடு, பிடியில் விடும் வெடிப்பையும் மறைத்துவிடும். வேலை தொடங்கும் முன் அரிவாளைத் தலைகீழாகப் பிடித்து, பிடியின் அடியைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினால், கெட்டியான பிடி ஒரே ஓசை தரும். ஆடும் பிடி கடகடக்கும். கடகடக்கும் அரிவாளை அன்று வெட்டு வேலைக்கு எடுக்கக் கூடாது. பழைய துளையில் துணி செருகாமல், பிடியைப் பிளந்து எறிந்துவிட்டு, காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே நாலைந்து துண்டுகளை அடுப்படிக்கு மேலே, நேர்ச்சூடு படாத உயரத்தில் பரணில் போட்டு வைக்கலாம். புகை படிந்த கட்டையில் வண்டு ஏறுவது குறைவு. அடுத்த அறுவடைக்குள் அவை காய்ந்து எடை நின்றிருக்கும்.